சூன் என்றால் எப்போது?

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மென்பொருளுக்குப் பயனர் கையேடு எழுதிக் கொடுத்தேன். அதைச் சரிபார்த்த ஆங்கிலேயர் ஒருவர், நான் 'பிரசன்ட்லி' என்று எழுதியிருந்த எல்லா இடத்திலும் அதை அடித்துவிட்டு 'கரன்ட்லி' என்று மாற்றியிருந்தார். ஓரத்தில் ஒரு குறிப்பு வேறு. பிரசன்ட்லி என்றால் 'சற்று நேரத்தில்' என்று பொருள், 'இப்போது' என்ற பொருளில் எழுதுவது இந்தியர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு என்று. முகம் சுருங்கிவிட்டது. அதற்கப்புறம் என் டீமுக்கு வந்த பசங்க யார் எழுதினாலும் அந்தச் சொல்லை நானே தேடித் தேடி அடித்தேன். அந்த ஆங்கிலேயர் சொன்ன அதே விளக்கத்தோடு.

அப்புறம் ஒருநாள் வேறெதையோ தேடப் போய் அந்தச் சொல்லின் வரலாற்றில் போய் விழுந்தேன். 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே பிரசன்ட்லிக்கு 'இப்போது' என்ற பொருள் இருக்கிறது. பிரசன்ட் என்ற சொல் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்போது வேறென்ன பொருள் இருக்கும்? பிறகு 'இந்தக் கணமே, உடனே' என்று ஆனது. அதற்கும் பிறகுதான் 'கொஞ்ச நேரம் கழித்து' என்று நழுவியது. இங்கிலாந்தின் எழுத்து வழக்கில் முதல் பொருள் மங்கிப்போக, ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் அது பிழைத்துக்கொண்டது. நம்மிடமும் அதே பொருள்தான் புழங்குகிறது. ஆக, நான் எழுதியது பழசு, பிழையில்லை. பசங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்தான்.

ஆனால் எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் பட்டது வேறு. 'இந்தக் கணமே' என்று பொருள்பட்ட ஒரு சொல் எப்படி 'கொஞ்ச நேரம் கழித்து' ஆகும்? இது ஒரு சொல்லுக்கு நேர்ந்த விபத்து என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தால், ஆங்கிலத்தில் ஒரு வரிசையே இப்படி நழுவியிருக்கிறது. வரிசையின் தலைமாட்டில் நிற்பது நாம் தினமும் எழுதுகிற 'சூன்'.

சூன் என்பதன் பழைய ஆங்கில வடிவம் 'சோனா'. அதன் பொருள் 'உடனே'. விரைவில் என்றோ சீக்கிரமாக என்றோ இல்லை, சுத்தமாக 'உடனே'. பழைய ஜெர்மன், பழைய சாக்சன், பழைய ஃப்ரிசியன் மொழிகளில் இதற்கு உறவுச் சொற்கள் இருந்தன. இன்றைய ஜெர்மனில் அந்தச் சொல் இல்லை. ஆங்கிலத்தில் உயிரோடு இருக்கிறது, பொருள் மாறி.

ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒருவர் 'சோனா' என்று எழுதியபோது உண்மையிலேயே 'உடனே' என்றுதான் நினைத்தார் என்று எப்படித் தெரியும்? இங்கேதான் என் தொழில்புத்தி வேலை செய்தது. மென்பொருளில் ஒரு பழக்கம் உண்டு. ஒரே சோதனையை ஒவ்வொரு பதிப்பிலும் ஓட்டிப் பார்ப்போம். உள்ளீடு மாறாது, வெளியீடு மாறினால் எங்கே மாறியது என்று பிடித்துவிடலாம். ஆங்கிலத்துக்கும் அப்படி ஒரு சோதனை கைவசம் இருக்கிறது: பைபிள். மூலம் மாறுவதில்லை, ஆனால் சில நூறு வருடத்துக்கு ஒருமுறை புதிதாக மொழிபெயர்க்கிறார்கள். அதிலும் மாற்கு எழுதிய சுவிசேஷம் இதற்கென்றே எழுதியதுபோல இருக்கும். மாற்கு அவசரக்காரர். 'உடனே' என்று பொருள்படும் 'யூதுஸ்' என்ற கிரேக்கச் சொல்லைச் சின்னஞ்சிறு நூலில் சுமார் 40 தடவை போடுகிறார். உடனே வலைகளை விட்டார்கள், உடனே போனார்கள், உடனே குணமானது, இப்படியே ஓடும்.

முதல் அதிகாரத்தின் 12ஆம் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஞானஸ்நானம் முடிந்ததும் ஆவியானவர் இயேசுவை 'உடனே' வனாந்தரத்துக்குப் போகச் செய்கிறார். கி.பி. 1000 வாக்கில் லத்தீனிலிருந்து பழைய ஆங்கிலத்துக்குப் பெயர்த்தவர்கள் இந்த இடத்தில் போட்ட சொல் 'சோனா'. 1380களில் விக்லிஃப் பெயரால் அறியப்படும் மொழிபெயர்ப்பு வந்தபோது அதே இடத்தில் 'அனான்' நிற்கிறது. 1611இல் ஜேம்ஸ் மன்னர் பதிப்பில் 'இம்மீடியட்லி'. சோதனை அதே, பதில் மூன்று. ஒவ்வொரு முறையும் பழைய சொல்லின் வேகம் போதவில்லை, புதுசாக ஒன்றைக் கொண்டுவந்து பூட்டியிருக்கிறார்கள்.

அனான் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் 'ஒன்றாக, ஒன்றில்' என்று பொருள். இடைவெளியில்லாமல் ஒட்டி வருவது. நம் 'உடனே'யும் இதே கட்டுமானம்தான். 'உடன்' என்றால் கூட, சேர்ந்து. கூடவே வருவது உடனே. இரண்டு மொழியும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே யோசனைக்கு வந்திருக்கின்றன.

அந்த அனான் 1590களுக்குள் என்ன கதிக்கு ஆளானது என்பதற்கு ஷேக்ஸ்பியரிடமே சாட்சி இருக்கிறது. நான்காம் ஹென்றி நாடகத்தின் முதல் பாகத்தில் ஈஸ்ட்சீப் மதுக்கடைக் காட்சி. இளவரசர் ஹாலும் அவர் தோழர் பாயின்ஸும் ஃபிரான்சிஸ் என்ற எடுபிடிப் பையனை வைத்து விளையாடுகிறார்கள். பாயின்ஸ் பக்கத்து அறையிலிருந்து அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க, இளவரசர் இங்கே அவனைப் பேச்சில் பிடித்து வைத்திருக்கிறார். பையன் ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் அனான் அனான் என்று பதில் குரல் கொடுக்கிறான், நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. நம்மூர் ஓட்டலில் சாம்பார் கேட்டால் 'இதோ வந்துட்டேன் சார்' என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும் பாருங்கள், அதேதான். நானூறு வருடத்துக்கு முன்னால் லண்டனில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்திருப்பார்கள் என்றால், அந்தச் சொல் யாரும் நம்பாத சொல்லாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

இதில் ஒரு வேடிக்கை. அதற்குச் சில வருடம் கழித்து வந்த 1611 பதிப்பிலும் அனான் அங்கங்கே மிச்சமிருக்கிறது. மாற்கு முதல் அதிகாரம் 30ஆம் வசனத்தில், சீமோனின் மாமி காய்ச்சலாய்க் கிடப்பதை அனான் இயேசுவிடம் சொல்கிறார்கள். மூலத்தில் அதே யூதுஸ்தான். பழைய மொழிபெயர்ப்புகளை அடியொற்றிப் போனதால் பழைய வாசகங்கள் நிறைய அப்படியே தங்கிவிட்டன. லெகஸி கோட் என்பது எங்கள் தொழிலில் மட்டும் இருக்கிற வியாதி இல்லை.

என்னை உலுக்கிய இடம் மாற்கு ஆறாம் அதிகாரம். ஏரோது ராஜாவின் பிறந்தநாள் விருந்தில் ஏரோதியாளின் மகள் நடனமாடுகிறாள். எது வேண்டுமானாலும் கேள் என்று ராஜா சத்தியம் செய்து கொடுக்கிறார். அவள் தாயிடம் ஓடிப்போய்க் கேட்டுவிட்டு, அவசரமாகத் திரும்பி வந்து, யோவான் ஸ்நானகனின் தலையை ஒரு தட்டில் வைத்துத் தா என்கிறாள். எப்போது? 1611 பதிப்பில் அவள் வாயில் வரும் சொல் 'பை அண்ட் பை'. இன்று ஆங்கிலம் படித்தவர்கள் இதைப் பார்த்தால், 'அவசரமில்லை, மெதுவாக ஒருநாள் கொடுத்தால் போதும்' என்று அந்தப் பெண் பெருந்தன்மையாகச் சொல்வதாகப் படும். மூல கிரேக்கத்திலோ 'இந்தக் கணமே' என்ற சொல். ராஜா மனம் மாறுவதற்குள், விருந்தாளிகள் எதிரிலேயே, இப்போதே வேண்டும். அந்த அவசரத்தில்தான் கதையின் குரூரமே இருக்கிறது.

மொழிபெயர்த்தவர்கள் தப்புப் பண்ணவில்லை. அவர்கள் காலத்தில் பை அண்ட் பை என்றால் உடனேதான். அதற்கும் முன்னால், சாசர் காலத்தில், அது காலத்தைக் குறிக்கும் சொல்லாகக்கூட இல்லை. பக்கம் பக்கமாக, ஒன்றையடுத்து ஒன்றாக என்று இடத்தைக் குறித்தது. இடத்தில் இடைவெளியில்லாதது காலத்தில் இடைவெளியில்லாததாகி, கடைசியில் இடைவெளியே பொருளாகிவிட்டது. 1881இல் திருத்திய பதிப்பு வந்தபோது இந்த இடத்தை 'ஃபோர்த்வித்' என்று மாற்றினார்கள். இயேசு சபித்த அத்திமரம் 1611இல் 'பிரசன்ட்லி' பட்டுப்போனது, 1881இல் 'இம்மீடியட்லி' பட்டுப்போனது. என் பிரசன்ட்லிதான்!

ஏன் இப்படி நடக்கிறது? பெரிய கோட்பாடெல்லாம் வேண்டாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. உடனே வருகிறேன் என்று சொல்கிறவர் பாதி நேரம் உடனே வருவதில்லை. ஒரு குழந்தை 'உடனே' என்ற சொல்லை அகராதியைப் பார்த்தா கற்றுக்கொள்கிறது? 'உடனே வரேன்' என்று அப்பா சொன்னதற்கும் அப்பா வந்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் போனதோ, அதுதான் அதற்கு அந்தச் சொல்லின் பொருள். அந்தக் குழந்தை வளர்ந்து அதே சொல்லைச் சொல்லும்போது அந்த இடைவெளியையும் சேர்த்தே சொல்லும். இப்படி ஒவ்வொரு தலைமுறையும் ஒரு பத்து நிமிடம் கூட்டினால் போதும்.

தமிழில் நாம் இன்னும் ஒருபடி மேலே. 'வந்துட்டேன்' என்று, நடந்து முடிந்த செயலாகவே சொல்லிவிடுவோம். சொல்லும்போது வீட்டில் லுங்கியோடு செருப்பைத் தேடிக்கொண்டிருப்போம். சினிமா போஸ்டரில் 'விரைவில்' என்று போட்டால் எந்த ரசிகரும் அதை விரைவு என்று எடுத்துக்கொள்வதில்லை. தேதி இன்னும் முடிவாகவில்லை என்பதன் மரியாதையான வடிவம் அது.

மற்ற மொழிகளும் சுத்தமில்லை. இன்றைய ஜெர்மனில் சூனுக்கு நிகராக வழங்கும் சொல் 'பால்ட்'. ஆங்கிலத்தின் 'போல்ட்', அதாவது துணிச்சல், அதற்கு உடன்பிறப்பு. துணிச்சலாகப் போவது வேகமாகப் போவதாகி, பிறகு 'சீக்கிரத்தில்' ஆகிவிட்டது. டச்சு மொழியில் 'ஸ்ட்ராக்ஸ்' என்றால் ஆதியில் நேராக, சட்டென்று. இன்று அதற்கு 'அப்புறம், கொஞ்ச நேரத்தில்' என்று பொருள். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 'டைரக்ட்லி'யைத் தேய்த்து 'ட்ரெக்லி' என்பார்கள். நேராக என்று பிறந்த அந்தச் சொல்லை நம்பி ஒரு குழாய் ரிப்பேர்காரருக்காகக் காத்திருப்பது நல்லதில்லை. தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் 'ஜஸ்ட் நவ்' என்றால் பிறகு. நமக்கோ 'ஜஸ்ட் நவ்' என்றால் கொஞ்சம் முன்னால். இந்த இரண்டு பேரும் ஒரே மீட்டிங்கில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

'உடனே' என்றதை ஊரே அப்படியே நம்பிய ஒரு சம்பவமும் இருக்கிறது. 1989 நவம்பர் 9, கிழக்கு பெர்லின். எல்லை தாண்டிப் பயணம் செய்யப் புதிய விதிகள் வந்திருப்பதாக ஆளுங்கட்சியின் குந்தர் ஷபோவ்ஸ்கி பத்திரிகையாளர்களிடம் அறிவிக்கிறார். எப்போதிருந்து அமலுக்கு வருகிறது என்று கேட்கிறார்கள். மறுநாளிலிருந்து, முறைப்படி விண்ணப்பம் வாங்கி அனுமதி தருவதாகத்தான் திட்டம். அது அவருக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. கையிலிருந்த தாளைப் புரட்டிவிட்டு, தனக்குத் தெரிந்தவரை 'சோஃபோர்ட்' என்கிறார். உடனே. அன்று இரவே ஜனங்கள் சுவரை நோக்கிக் கிளம்பிவிட்டார்கள், காவலர்கள் வாயிலைத் திறக்க வேண்டியதாயிற்று.

சரி, சூனுக்குத் திரும்புவோம். இந்தச் சொல்லின் பழைய வேகம் முழுக்கச் செத்துவிடவில்லை. 'அஸ் சூன் அஸ்' என்ற தொடரில் அது உறைந்து கிடக்கிறது. அவர் வந்தவுடன் என்பதற்கு இந்தத் தொடரைப் போட்டால், வந்த அந்தக் கணத்திலேயே என்றுதான் அர்த்தம், கொஞ்சம் கழித்து என்று இல்லை. தனியாக நின்றால் சூனுக்கு வேகம் போய்விடும், இரண்டு பக்கமும் 'அஸ்' நின்று பிடித்துக்கொண்டால் ஆயிரம் வருடப் பழைய பொருள் திரும்பி வந்துவிடும். 'சூனர்' என்ற வடிவத்தை அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் கேட்டால் வேறு கதை. 1889 ஏப்ரல் 22 நண்பகலில் அங்கே நிலத்தைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள். குறித்த நேரத்துக்கு முன்பே திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்து நல்ல இடம் பிடித்தவர்களுக்குச் சூனர்கள் என்று பெயர். வசவாக ஆரம்பித்த பெயர் பின்னால் மாநிலத்துக்கே செல்லப் பெயராகிவிட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் பேச்சு. பேச்சில் ஒரு சொல் நழுவினால் சாம்பார் கொஞ்சம் லேட்டாக வரும், அவ்வளவுதான். ஆனால் இதே சொல் சட்டத்தில் போய் உட்கார்ந்தால்?

சட்டம் எழுதுகிறவர்களுக்கு இந்த நழுவல் நன்றாகவே தெரியும். அதனால்தான் அவர்கள் 'ஃபோர்த்வித்' என்ற பழஞ்சொல்லை விடாமல் வைத்திருக்கிறார்கள். கொலை போன்ற குற்றத்தில் முதல் தகவல் வந்ததும் காவல் நிலைய அதிகாரி மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்று சொன்ன, 2024 வரை நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 157ஆம் பிரிவில் இருந்தது அந்தச் சொல்தான். எஃப்ஐஆர் மாஜிஸ்திரேட் கையில் எத்தனை மணிக்குச் சேர்ந்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல்கள் குடைவார்கள். தாமதமானால் காரணம் சொல்லியாக வேண்டும். இப்படி ஒவ்வொரு வழக்கிலும் யாராவது கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பதால் அந்தச் சொல் துருப்பிடிக்கவில்லை. தெருவில் புழங்காததும் ஒரு காரணம்.

சூன் வருகிற இடங்களில், சட்டம் நிஜமாகவே அவசரப்பட்டால் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். நம் குண்டர் சட்டத்தில், 1982ஆம் ஆண்டுச் சட்டம் அது, ஒருவரைப் பிடித்து உள்ளே வைத்தால் அதற்கான காரணங்களை அவருக்கு 'அஸ் சூன் அஸ் மே பி' தெரிவிக்க வேண்டும், ஆனால் ஐந்து நாளுக்கு மேல் போகக்கூடாது என்று இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 22ஆம் பிரிவிலும் முதல் உட்பிரிவில் சூன் வருகிறது: கைதானவருக்குக் காரணத்தைச் சூனாகச் சொல்ல வேண்டும். அடுத்த உட்பிரிவில் எண் வருகிறது: 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இந்த இரண்டில் எது மீறப்பட்டது என்று நிரூபிப்பது சுலபம் என்று சொல்லத் தேவையில்லை.

எண் இருந்த இடத்தில் அதை எடுத்துவிட்டுச் சூனைப் போட்ட சம்பவமும் நடந்திருக்கிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவைக் குடியரசுத் தலைவர் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம் என்று சொல்லும் பிரிவு, 1948ஆம் ஆண்டு வரைவில் 91ஆம் பிரிவாக இருந்தது. அதில் தெளிவாகக் காலம் குறித்திருந்தார்கள்: ஆறு வாரத்துக்குள். 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் இது விவாதத்துக்கு வந்தபோது, ஆறு வாரத்தை எடுத்துவிட்டு 'அஸ் சூன் அஸ் பாசிபிள்' என்று போடும் திருத்தத்தை அம்பேத்கர் கொண்டுவந்தார். எச்.வி. காமத் எழுந்து, இது தெளிவில்லாத தொடர், கால வரையறை இருப்பதே நல்லது என்று எதிர்த்தார். எடுபடவில்லை. திருத்தம் நிறைவேறியது. அதுதான் இன்றைய 111ஆம் பிரிவு. மாநில ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்புவது பற்றிய 200ஆம் பிரிவிலும், அதன் முதல் வரம்புரையில், அதே 'அஸ் சூன் அஸ் பாசிபிள்'தான்.

எல்லோரும் நல்லெண்ணத்தோடு நடந்துகொள்வார்கள் என்று அன்றைக்கு நம்பியிருக்கலாம். சொல்லின் ஆயிரம் வருட ஜாதகத்தைப் பார்த்திருந்தால் காமத் பக்கம் சாய்ந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இதன் விலை என்ன என்பது தமிழ்நாட்டுக்கு நேரடியாகத் தெரியும். 2020 ஜனவரிக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையே 12 மசோதாக்கள் ஆளுநர் மாளிகைக்குப் போயின. 2023 நவம்பர் 13 அன்று 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் இல்லை என்று திரும்பி வந்தன. 18ஆம் தேதி சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு அந்தப் பத்தையும் மறுபடி நிறைவேற்றி அனுப்பியது. 28ஆம் தேதி அவை குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கப்பட்டன. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. அந்த வருடம் ஏப்ரலிலேயே, தெலங்கானா வழக்கில், 'அஸ் சூன் அஸ் பாசிபிள்' என்பதற்கு அரசியல் சாசன ரீதியில் கனமான உள்ளடக்கம் உண்டு, பதவியில் இருப்பவர்கள் அதை மனதில் வைக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது.

2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு தமிழ்நாட்டு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அந்தப் பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றவையாகவே கருதப்படும் என்றது. சூனுக்குப் பக்கத்தில் எண்களையும் வைத்தது: சூழ்நிலையைப் பொறுத்து ஒரு மாதம், மூன்று மாதம். 1949இல் எடுத்த எண்ணுக்குப் பதிலாக, 76 வருடம் கழித்து வேறு எண்கள்.

அதோடு முடியவில்லை. இப்படிக் காலக்கெடு விதிக்க நீதிமன்றத்தால் முடியுமா என்று குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கே அனுப்பினார். 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துச் சொன்னது. சாசனம் எண் சொல்லாத இடத்தில் நீதிமன்றம் எண் சொல்ல முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதும் முறையும் செல்லாது. ஆனால் காரணமில்லாமல் நீண்டகாலம் சும்மா இருந்தால் நீதிமன்றம் ஓரளவுக்குத் தலையிடலாம். எவ்வளவு காலம் நீண்டகாலம் என்பதற்கு எண் எதுவும் இல்லை.

ஆக, 200ஆம் பிரிவில் இன்றும் இருப்பது அதே நான்கு சொற்கள்தான்: அஸ் சூன் அஸ் பாசிபிள்.